கோடைக் கால்பந்து முகாம்: பந்து எவ்வளவு நேரம் காலில் இருக்கிறது?

கோடை விடுமுறை நெருங்குவதால், சிறார் கால்பந்துப் பயிற்சி முகாம்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கே இந்த முறை பகுதி முழுவதையும் ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் மகனுக்கு 10 வயது. தெருவில் தினமும் கால்பந்து ஆடுகிறான். அப்படியிருக்க, பணம் கட்டி மூன்று வார முகாமில் சேர்ப்பதால் புதிதாக என்ன கிடைத்துவிடும்?
– ஒரு தந்தை, திருச்சிராப்பள்ளி

பதில்: தெருவில் ஆடுவதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். சென்னை வியாசர்பாடியின் தனபால் கணேஷ், குமரி மாவட்டம் இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ் போன்ற கால்பந்து வீரர்களின் ஊர்களில் கால்பந்து என்பது சந்திலும் கடற்கரை மணலிலும் தொடங்கும் ஆட்டம்தான். நெருக்கடியான இடத்தில் பந்தைக் காப்பாற்றிக்கொள்ளும் சாமர்த்தியத்தை எந்த முகாமும் அந்த அளவுக்குக் கற்றுத் தந்துவிடாது. ஆனால் தெரு ஆட்டத்தில் பெரிய பையன்களின் காலில்தான் பந்து அதிக நேரம் இருக்கும். சிறியவன் தனக்கு வசதியான ஒரு காலாலேயே எல்லாவற்றையும் சமாளிக்கப் பழகிவிடுவான். பந்து வந்து சேர்ந்த பிறகுதான் தலையைத் தூக்கி, யார் எங்கே நிற்கிறார்கள் என்று தேடுவான். இவற்றைக் கவனித்துத் திருத்துவதற்கு அங்கே ஆள் இருப்பதில்லை.

நல்ல முகாம் இந்த இடத்தில்தான் உதவுகிறது. பந்து வருவதற்கு முன்பே இரு தோள்களுக்கும் மேலாகப் பின்னால் ஒருமுறை பார்த்துக்கொள்வது, உடலைப் பக்கவாட்டில் திருப்பி நின்று தூரத்துக் காலால் பந்தை வாங்குவது, முதல் தொடுதலிலேயே எதிராளியிடமிருந்து விலகிச் செல்வது, இடது காலாலும் பாஸ் கொடுப்பது போன்ற சிறு சிறு பழக்கங்கள், ஒருவர் பக்கத்தில் நின்று திருத்திக்கொண்டே இருந்தால் 10 வயதில் எளிதில் படியும். 18 வயதில் அவற்றை மாற்றுவது பெரும்பாடு.

எனினும் இந்தப் பயன் எல்லா முகாம்களிலும் கிடைப்பதில்லை. தொழில்முறை ஆட்டத்திலேயே, 90 நிமிடங்களில் ஒரு வீரரின் காலில் பந்து இருக்கும் மொத்த நேரம் மூன்று நிமிடத்தை எட்டுவது அரிது. 10 வயதுச் சிறுவர்களைப் பெரிய மைதானத்தில் பதினொருவர் அணியாக ஆடவிட்டால் பலருக்கு ஓடுவது மட்டுமே மிஞ்சும். நால்வருக்கு நால்வர் என்று சிறிய இடத்தில் ஆடும்போதோ பந்து ஒவ்வொருவரிடமும் திரும்பத் திரும்ப வரும். பாஸ், ட்ரிப்ளிங் (பந்தைக் காலோடு உருட்டிக்கொண்டு செல்வது), தடுப்பு எல்லாவற்றுக்கும் வாய்ப்பு பெருகும். வரிசையில் நிற்க வைக்கும் பயிற்சியையும் இதே கணக்கால் அளந்து பாருங்கள். பத்துப் பேர் வரிசையில் நின்று, ஒவ்வொருவரும் கோன்களைச் சுற்றி ஓடி முடிக்க 15 விநாடி எடுத்தால், ஒரு மணி நேரத்தில் உங்கள் மகனுக்குக் கிடைப்பது ஆறே நிமிடம். மீதி 54 நிமிடமும் அவன் முன்னால் நிற்பவனின் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

ஆகவே சேர்ப்பதற்கு முன் ஒரு நாள் காலை அந்த மைதானத்துக்குப் போய் ஓரமாக நின்று பாருங்கள். தலைக்கு ஒரு பந்து இருக்கிறதா, ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை சிறுவர்கள், அவர் திட்டுகிறாரா திருத்துகிறாரா என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் வழங்கும் பயிற்சியாளர் உரிமம் அவரிடம் உண்டா என்றும் தயங்காமல் கேட்கலாம். சீருடையின் பளபளப்பும் விளம்பரப் பலகையில் இருக்கும் வெளிநாட்டு கிளப்பின் பெயரும் இதற்கெல்லாம் ஈடாகாது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்ட விளையாட்டரங்குகளில் கோடைதோறும் நடத்தும் முகாமையும், பெரும் தொகை வாங்கும் தனியார் முகாமையும் இதே அளவுகோலால்தான் ஒப்பிட வேண்டும்.

கேள்வி: போன ஆண்டு முகாமில் என் பையன் பிரமாதமாக ஆடினான். பள்ளி திறந்து இரண்டு மாதத்தில் எல்லாம் மறந்தது போல் ஆகிவிட்டது. பயிற்சி சரியில்லையா, அவன் சரியில்லையா?
– ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: பையனைக் குறை சொல்ல இதில் எதுவுமில்லை. உடல்திறன் சார்ந்த எந்தக் கல்வியிலும், பயிற்சி நேரத்தில் நன்றாகச் செய்வது வேறு, கற்றது நிலைத்து நிற்பது வேறு. ஒரே பாஸை ஒரே தூரத்திலிருந்து ஐம்பது முறை அடித்தால், அன்று மாலைக்குள் அழகாக வந்துவிடும்; பார்க்கும் பெற்றோருக்கும் மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் பாஸ், திருப்பம், ஷாட் ஆகியவற்றை மாற்றி மாற்றி, தூரத்தையும் திசையையும் எதிராளியையும் மாற்றிக் கொடுக்கும் பயிற்சியில், பையன் அன்று தடுமாறினாலும் பின்னாளில் அதிகம் மனத்தில் நிற்கிறது என்பதுதான் இத்துறை ஆய்வுகளில் பெரும்பாலும் தென்படும் முடிவு. முகாமின் கடைசி நாள் செயல்விளக்கத்துக்காகவே ஒரே அசைவை உருப்போட வைக்கும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். உங்கள் மகனுக்கு அதுவும் நேர்ந்திருக்கலாம்.

இன்னொரு காரணம் இடைவெளி. 20 நாளில் 40 மணி நேரம் கொட்டிவிட்டு அப்படியே நிறுத்துவதைவிட, அதே நேரத்தை மாதக்கணக்கில் பரப்பிக் கொடுத்தால் திறன் உடலில் தங்கும். ஆகவே முகாமை ஒரு தொடக்கமாக மட்டுமே கொள்ள வேண்டும். வீட்டுக்கு அருகே ஒரு மதில் சுவர் இருந்தால் போதும்: நாள்தோறும் பத்து நிமிடம், நான்கைந்து அடி தள்ளி நின்று வலது காலால் அடித்து இடது காலால் வாங்கி, பிறகு காலை மாற்றி, மெல்ல மெல்லத் தூரத்தைக் கூட்டினால், முகாமில் தொடங்கியது பள்ளி நாட்களிலும் அறுபடாமல் தொடரும். பக்கத்து வீட்டாரின் பொறுமை வேறு விஷயம்.

கேள்வி: கத்திரி வெயிலில் பிள்ளைகளை ஆடவிடுவது சரியா?
– ஒரு வாசகர், வேலூர்

பதில்: நேரம் சரியாக இருந்தால் ஆடலாம். காலை 6 மணிக்குத் தொடங்கி 8 மணிக்குள் முடித்துவிடும் முகாமும், மாலை வெயில் தாழ்ந்த பிறகு தொடங்கும் முகாமும் ஏற்கத்தக்கவை. 10 மணிக்கு மேல் திறந்த மைதானத்தில் ஓடவிடும் முகாமில் சேர்க்கவே வேண்டாம். உங்கள் ஊரின் வறண்ட வெயிலைக் கண்டு அஞ்சுகிறீர்கள். கடற்கரை ஊர்களில் வெப்பமானியில் எண் குறைவாக இருந்தாலும், ஈரக்காற்றில் வியர்வை உலராததால் உடல் சூடு இறங்குவதில்லை, ஆகவே அங்கும் ஆபத்து குறைந்ததில்லை. இதனால்தான் வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிடும் ஓர் அளவை ஃபிஃபா பயன்படுத்துகிறது. அது 32 டிகிரியைத் தாண்டியபோது ஆட்டத்தை நிறுத்தித் தண்ணீர் இடைவேளை விடும் ஏற்பாடு 2014 உலகக் கோப்பையில் இருந்தது. ஃபோர்ட்டலேசாவில் நடந்த நெதர்லாந்து – மெக்சிகோ ஆட்டத்தில் அப்படி இடைவேளை விட்டதைப் பலர் பார்த்திருப்பீர்கள். வளர்ந்த தொழில்முறை வீரர்களுக்கே அது தேவைப்படுகிறதென்றால், சிறுவர்களுக்கு 15–20 நிமிடத்துக்கு ஒருமுறை நிழலும் தண்ணீரும் கொடுப்பது குறைந்தபட்சக் கடமை.

உடல் வெயிலுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். எனவே முதல் சில நாட்கள் பயிற்சி குறைவாகவும் மெதுவாகவும் இருக்க வேண்டும். முதல் நாளே மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடவிடுவது வீரத்தைக் காட்டாது, விவரமின்மையைத்தான் காட்டும். பயிற்சி முடிந்து வீடு திரும்பியதும் உப்புப் போட்ட நீர்மோர் நல்லது. தலைவலி, வாந்தி, தள்ளாட்டம், பேச்சுக் குழறல் தெரிந்தால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறி, தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

கேள்வி: எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஹெடிங் (தலையால் பந்தை முட்டுவது) கற்றுத் தருகிறார்கள். சரியா?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: தேவையில்லை. அமெரிக்கக் கால்பந்துச் சம்மேளனம் 2015இல் 10 வயதுக்கும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு ஹெடிங்கை நிறுத்தியது. இங்கிலாந்தில் தொடக்கப் பள்ளி வயதினரின் பயிற்சியில் அது வேண்டாமென்று 2020இல் வழிகாட்டுதல் வந்தது. அந்த நேரத்தையும் காலுக்கே கொடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. பையன்களோடு சேர்ந்து முகாமுக்குப் போக ஆசைப்படுகிறாள். வீட்டில் தயங்குகிறார்கள். காயம் பற்றிய பயமும் இருக்கிறது.
– ஒரு தாய், கடலூர்

பதில்: உங்கள் மாவட்டத்திலிருந்தே இந்துமதி கதிரேசன் இந்திய அணி வரை போயிருக்கிறார் என்பதை வீட்டில் சொல்லுங்கள். சீனியர் தேசிய மகளிர் கால்பந்துப் போட்டியில் தமிழ்நாடு 2017–18இலும் 2022–23இலும் பட்டம் வென்றிருக்கிறது; 2018–19இல் இந்திய மகளிர் லீகை வென்றது மதுரையைச் சேர்ந்த சேது எஃப்சி. பெண்கள் மட்டும் ஆடும் முகாம் அருகில் இல்லாவிட்டால் பையன்களோடு ஆடுவதால் கெடுதல் இல்லை; திறன் ஒத்தவர்களோடு பிரித்து ஆடவிடுகிறார்களா, உடை மாற்றத் தனி இடமும் கழிப்பறையும் உண்டா, பொறுப்பில் ஒரு பெண் இருக்கிறாரா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

காயத்தைப் பற்றிய பயத்தில் நியாயம் உண்டு. வளரிளம் பருவத்துப் பெண்களுக்கு, முழங்காலின் உள்ளே உள்ள முன்குறுக்கு நார் கிழியும் அபாயம் பையன்களைவிட அதிகம். குதித்து இறங்கும்போதும் சட்டென்று திரும்பும்போதும் முழங்கால் உள்பக்கமாக மடங்குவது அதற்கு ஒரு காரணம்; அதைப் பயிற்சியால் பெருமளவு திருத்தலாம். ‘ஃபிஃபா 11+’ என்ற 20 நிமிட வார்ம்-அப் கால்பந்துக் காயங்களைத் தடுக்கவே உருவாக்கப்பட்டது; 14 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கான அதன் வடிவத்தை ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் சோதித்தபோது காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. ஒற்றைக் காலில் நிலையாக நிற்பது, குதித்து மெத்தென்று இறங்குவது, வயிற்றுத் தசைகளை வலுப்படுத்துவது என்று அதில் இருப்பதெல்லாம் எளிய பயிற்சிகளே. இதைச் செய்யாமல் இரண்டு சுற்று ஓடிவிட்டு நேரே ஆட்டத்துக்குப் போகும் முகாமில் மகளை விடாதீர்கள்.

கேள்வி: என்ன ஷூ, எந்த அளவுப் பந்து வாங்க வேண்டும்?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: 8 முதல் 12 வயது வரை 4ஆம் எண் பந்து, அதற்கு மேல் 5ஆம் எண். நம் ஊர்க் கட்டாந்தரைக்கு, அடியில் குட்டையான ரப்பர் ஸ்டட்ஸ் (குமிழ்கள்) பல உள்ள ஷூவே ஏற்றது. புல்தரைக்கான நீண்ட ஸ்டட்ஸ் கணுக்காலைப் படுத்தும். வளரும் பிள்ளைதானே என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்காதீர்கள். முன்காலைக் காக்கும் ஷின் கார்டை மட்டும் தவிர்க்கக் கூடாது.

கேள்வி: எனக்கு 15 வயது. கோடை முகாமின் சான்றிதழ் இருந்தால் விளையாட்டு விடுதியில் இடம் கிடைக்குமா?
– ஒரு மாணவர், சென்னை

பதில்: அந்தச் சான்றிதழ் மட்டும் இடம் வாங்கித் தராது. விடுதித் தேர்வில் உங்களை ஆடவைத்துத்தான் பார்ப்பார்கள். ஆனால் முகாம் வேறு வகையில் உதவும்: பழகாத ஆட்களோடு, பழகாத நிலையில், உங்களைவிட வேகமானவர்களுக்கு எதிராக ஆடிப் பார்க்கும்போதுதான் உங்கள் உண்மையான தரம் உங்களுக்கே தெரியும். 15 வயதில் ஒரே பிரிவில் ஆடுபவர்களுக்குள் உடல் வளர்ச்சி பெரிதும் வேறுபடும் என்பதால், ஆண்டுத் தொடக்கத்தில் பிறந்து முன்னதாக வளர்ந்தவர்கள் தேர்வாளர் கண்ணில் எளிதில் படுகிறார்கள். நீங்கள் சிறுத்த உடல்வாகு உள்ளவரென்றால், இந்தக் கோடையில் உயரத்தைப் பற்றிக் கவலைப்படுவதை விட்டுவிட்டு முதல் தொடுதலையும் பார்வையையும் கூர்தீட்டுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு எடுங்கள். முழங்கால் சில்லுக்குக் கீழேயோ குதிகாலிலோ தொடர்ந்து வலி இருந்தால், அது வளரும் எலும்பில் தசைநார் இழுப்பதால் வரக்கூடியது, பல்லைக் கடித்துக்கொண்டு ஆடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

முகாமின் கடைசி நாளுக்காகக் காத்திராமல், ஜூன் முதல் எந்த கிளப்பின் பயிற்சிக்கு வரலாம் என்று பயிற்சியாளரிடம் இரண்டாவது வாரத்திலேயே கேட்டுவிடுங்கள். பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் எடுத்து வைத்திருங்கள். வயதுப் பிரிவில் பெயரைப் பதிய அவற்றைத்தான் முதலில் கேட்பார்கள்.