லண்டன் காசு யாழ்ப்பாணம் வரத் தேவையில்லை

தங்கச்சியின் ஆண்டுத்திவசத்துக்கு லண்டன் உறவினர் அனுப்பும் காசை உங்கள் கணக்கில் சேர்த்து, திரும்ப அங்குள்ள லுக்கேமியா (இரத்தப் புற்றுநோய்) ஆராய்ச்சிக்கு அனுப்பப் போனால் வங்கி கடிதம் கேட்கிறது என்கிறீர்கள். அப்படி அனுப்ப வேண்டாம். அவர்களே அங்கிருந்து நேரே கொடுக்கட்டும்.

வங்கி கடிதம் கேட்பது, பலரின் காசு ஒரு தனியாளின் கணக்கில் சேர்ந்து வெளிநாடு போவதால்தான் இருக்கும்.

அதைவிடப் பெரிய நட்டம் வேறு. பிரித்தானியாவில் வரி கட்டுபவர் தன் காசைத் தன் பெயரில் கொடுத்து, கிஃப்ட் எய்ட் (நன்கொடைக்கான வரியை அரசு அந்த அமைப்புக்கே கொடுக்கும் திட்டம்) பெட்டியில் அடையாளமிட்டால், ஒவ்வொரு பவுணுக்கும் 25 பென்ஸ் கூடச் சேரும். மொத்தமாக உங்கள் பெயரில் போட்டால் அது கிடைக்காது. இரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு உதவும் பிளட் கேன்சர் யுகே போன்ற அமைப்புக்குக் காசு சேர்க்க, தங்கச்சி பெயரில் இணையத்தில் நினைவுப் பக்கம் திறக்கச் சொல்லுங்கள். அந்த அமைப்பும் 1960இல், பிள்ளையை இழந்த ஒரு குடும்பம் தொடங்கியதுதான். முதலில் ஒருவர் 5 பவுண் போட்டு, பக்கத்தில் கிஃப்ட் எய்ட் தொகை தனியாகக் காட்டுகிறதா என்று பார்க்கட்டும்.

இங்கே ரூபாயில் சேர்ந்ததைத் தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலைக்குக் கொடுக்கலாம், நல்ல காரியம். ஆனால் அது சிகிச்சைக்கு, ஆராய்ச்சிக்கு அல்ல. ஆராய்ச்சி என்று சொல்லி வாங்கியிருந்தால் கொடுத்தவர்களிடம் முதலில் கேளுங்கள். அப்புறம், பற்றுச்சீட்டு வாங்காமல் யார் கையிலும் காசைக் கொடுக்காதீர்கள்.