இங்கிலாந்துத் தேவாலயக் கற்சிலுவைகள்: கேள்வி பதில்

கேள்வி: ஊர்த் தேவாலய வளாகங்களில் படிகளும் மொட்டைத் தூணும் மட்டும் நிற்கின்றனவே, சிலுவை எங்கே?

பெரும்பாலும் உடைக்கப்பட்டுவிட்டது. சமயச் சீர்திருத்தக் காலத்திலேயே தொடங்கிய வேலை. 1643-இல், உள்நாட்டுப் போருக்கு நடுவே, தேவாலய வளாகச் சிலுவைகளையும் அகற்றச் சொல்லி நாடாளுமன்றமே ஆணை போட்டது. அறையப்பட்ட இயேசுவும் மரியாளும் தலைப்பகுதியில்தான் இருப்பார்கள், அதனால் அடியும் அங்கேதான் விழுந்தது. முழுசாகத் தப்பியதைப் பார்க்க லிங்கன்ஷையரில் சாமர்ஸ்பிக்குப் போங்கள். குளோஸ்டர்ஷையரில் உள்ள ஆம்ப்னி குரூசிஸ் ஊரில் சிலுவையின் தலையைத் தேவாலயச் சுவருக்குள் வைத்தே மூடிவிட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டில்தான் வெளியே வந்தது.

கேள்வி: இந்தச் சிலுவைத் தூண் யாருடைய கல்லறை?

யாருடையதும் இல்லை. அங்கே புதைக்கப்பட்ட எல்லாருக்கும் பொது. குருத்தோலை ஞாயிறன்று பவனி அங்கே நின்று போகும்.

கேள்வி: எங்கள் ஊர்த் தூணின் மேல் சூரியக் கடிகாரம் இருக்கிறது. சிலுவை என்ன ஆனது?

முதல் பதிலைப் படியுங்கள். கடிகாரம் பிற்பாடு வைத்தது.

கேள்வி: செதுக்கல் தெரிவதற்குக் கற்பாசியைச் சுரண்டலாமா?

கூடாது. பாசியோடு கல்லின் மேல்தோலும் வந்துவிடும். சாக்பீஸ் தேய்ப்பதும் வேண்டாம். இருட்டியபின் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் படமெடுங்கள்.

கேள்வி: கம்பிரியாவின் கோஸ்போர்த்தில் 1880-களில் பாசியைத் துடைத்ததால்தானே வைகிங் புராணத்து லோகி தெரிந்தான்?

நல்ல மடக்கு! உண்மைதான். மருத்துவர் பார்க்கரும் பாதிரியார் கால்வர்லியும் செய்தது. 10-ஆம் நூற்றாண்டின் மணற்கல் சிலுவை, சுமார் 4.4 மீட்டர் உயரம். கட்டுண்டு கிடக்கும் லோகி, சொட்டும் விஷத்தைக் கிண்ணத்தில் ஏந்தும் மனைவி சிகின், ஓநாயின் வாயைப் பிளக்கும் விடார் என்ற தெய்வம், எல்லாம் அதில் உண்டு. ஆனால் அன்று அவர்களுக்கு வேறு வழி தெரியாது. உங்களிடம் கேமரா இருக்கிறது.

கேள்வி: அப்படியானால் அது வைகிங் கோயில் தூண்தான், சிலுவை அல்ல.

உச்சியில் சிலுவை, ஒரு பக்கத்தில் இயேசு அறையப்படும் காட்சி. பழைய தெய்வங்களின் அழிவையும் கிறிஸ்துவின் வெற்றியையும் ஒரே கல்லில் சொன்னார்கள் என்பதே பலரும் ஏற்கும் விளக்கம்.

கேள்வி: அதே காட்சியில் நிற்கும் பெண் வால்கிரி (வைகிங் புராணப் போர்க்கன்னி) மாதிரி இருக்கிறாளே?

சடையும் நீண்ட உடையும் அப்படித்தான். தைலக்குடுவை ஏந்திய மகதலேனா மரியாள் என்பார்கள், நானும் அந்தக் கட்சி. அந்தச் சிற்பிக்குப் பழக்கமான பெண் உருவம் அது, அவ்வளவுதான்.

கேள்வி: முதலாம் எட்வர்டின் மனைவி எலினோர் அரசிக்கு எழுப்பிய சிலுவைகள்?

அவை சாலையிலும் சந்தையிலும் நின்றவை. பன்னிரண்டில் மூன்று மிச்சம். இங்கே வேண்டாம், தனியாகக் கேளுங்கள்.

கேள்வி: கற்பாசியைத் தேய்க்கக் கம்பி பிரஷ் இல்லை சார், நைலான் பிரஷ்தான். அது பரவாயில்லையா?

இல்லை.