பத்து மணி வெயிலும் 600 மில்லிமீட்டரும்

வணக்கம் சார்,

ஒரு வருடம் சீட்டுக் கட்டி, செகண்ட் ஹேண்டில் ஒரு 150-600 ஜூம் லென்ஸ் வாங்கினேன். பொங்கல் விடுமுறையில் குடும்பத்தோடு வேடந்தாங்கல் போனோம். போய்ச் சேரும்போதே மணி பத்து. நாரைகளை எண்ணூறு படம் எடுத்தேன். ஒன்றிலாவது இறகு தனித்தனியாகத் தெரிய வேண்டுமே! எல்லாம் சோப்புத் தண்ணீரில் ஊறின மாதிரி இருக்கிறது. விற்றவர் ஏமாற்றிவிட்டாரா? 600 போதாது, லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் போட்டு இன்னும் பெரிதாக்கும் டெலிகன்வெர்ட்டர் போடு என்கிறார் ஒரு நண்பர். கூட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார், தாய்ப்பறவை எப்படியும் திரும்பி வரும் என்கிறார் இன்னொருவர். யார் பேச்சைக் கேட்பது?

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

விற்றவரைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். காலை ஆறரை மணிக்கு மொட்டை மாடிச் சுவரில் ஒரு தினத்தாளை ஒட்டி, பத்து மீட்டர் தள்ளி ட்ரைபாடை வையுங்கள். 600-க்கு இழுத்து, லென்ஸ் துவாரத்தை எஃப் 8-ல் வைத்து, நடுக்கத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசரை அணைத்துவிட்டு, டைமர் போட்டு எடுங்கள். எழுத்து பளிச்சென்று விழுந்தால் லென்ஸ் நல்ல லென்ஸ். அப்புறம் பதினோரு மணிக்கு அதே இடத்திலிருந்து நாலைந்து வீடு தள்ளியிருக்கும் தண்ணீர்த் தொட்டியை எடுத்துப் பாருங்கள். தொட்டியின் விளிம்பு நெளியும். உங்கள் நாரைக்கும் அதுதான் நேர்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

தார்ச்சாலையில் கானல் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து கலந்து மேலே எழும்புகிறது. அதன் வழியாக வரும் ஒளி ஒவ்வொரு கணமும் கொஞ்சம் வளைகிறது. வெறும் கண்ணுக்கு இது பெரும்பாலும் தெரியாது. 600 மில்லிமீட்டர் பறவையைப் பெரிதாக்கும்போது இந்த நெளிவையும் சேர்த்துப் பெரிதாக்கிவிடுகிறது. லட்சக்கணக்கில் விலை போட்ட லென்ஸாக இருந்தாலும் நடுவில் கிடக்கும் நூறு மீட்டர் காற்றைத் துடைத்துக் கொடுக்காது. டெலிகன்வெர்ட்டரும் அப்படித்தான். 1.4 மடங்கு கன்வெர்ட்டர் போட்டால் எஃப் 6.3 எஃப் 9 ஆகிவிடும், வெளிச்சம் பாதியாகும், பழைய கேமராக்களில் ஃபோகஸ் தடுமாறும். அந்தக் காசுக்கு நாலு தடவை பெட்ரோல் போடலாம்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். சிறிய நீல மீன்கொத்தி அலகோடு சேர்த்து ஏறக்குறைய 17 செ.மீ. அது 40 மீட்டரில் இருந்தால் 600-ல்கூட, கேமராவுக்குள் படம் பதிகிற சென்சாரின் மேல் இரண்டரை மில்லிமீட்டர்தான் விழும். 20 மீட்டரில் ஐந்து. 8 மீட்டரில் பன்னிரண்டுக்கு மேல், அதாவது கிராப் சென்சார் என்கிற சிறிய வகைச் சென்சாரின் அகலத்தில் பாதி. இறகு இறகாகத் தெரிகிற படங்கள் பெரும்பாலும் இந்தக் கடைசிக் கணக்கில் வந்தவை. என் படங்களும் அப்படித்தான்.

சரி, 8 மீட்டருக்கு எப்படிப் போவது? போகக் கூடாது. அது வரும். மீன்கொத்தி ஒரே குச்சியில் திரும்பத் திரும்ப வந்து உட்காரும். முதல் நாள் கேமரா இல்லாமல் போய் அது எந்தக் குச்சி என்று பார்த்துக்கொள்ளுங்கள். குச்சிக்குக் கீழே வெள்ளையாக எச்சம் வடிந்திருக்கும். மறுநாள் விடிவதற்கு முன்னாலேயே, வெயில் முதுகில் விழுகிற பக்கமாக, தரையோடு தரையாக உட்கார்ந்துவிடுங்கள். முதல் அரை மணி நேரம் கொசுக்கடி மட்டும்தான். அப்புறம் ‘சீ’ என்று ஒரு கீச்சல் தண்ணீரை ஒட்டி வரும், குச்சி லேசாக ஆடும். அப்போது எழுந்திருக்காதீர்கள், கையை மட்டும் அசைத்தால் போதும்.

காரிலிருந்தும் எடுக்கலாம். மனித உருவத்துக்கு மிரளும் பறவை பலநேரம் காரைக் கண்டுகொள்வதில்லை. எஞ்சினை அணைத்துவிட வேண்டும், அதன் நடுக்கம் 600-ல் தெரியும். இரண்டு கிலோ லென்ஸைக் கண்ணாடி விளிம்பில் வைக்க, பழைய ஜீன்ஸ் காலை வெட்டித் தைத்து உள்ளே இரண்டு கிலோ அரிசி போட்டு வைத்திருக்கிறேன். வீட்டில் திட்டு விழத்தான் செய்கிறது.

ஜூம் லென்ஸின் உண்மையான லாபம் அதன் சின்ன முனைதான், அதாவது 150 பக்கம். 600-ல் வைத்துக்கொண்டு பறக்கிற பறவையைத் தேடினால் வானம்தான் கிடைக்கும். 200-ல் பறவையைப் பிடித்துவிட்டு அப்புறம் இழுங்கள். தெருவில் சுற்றும் கரும்பருந்தை வைத்து ஒரு வாரம் பழகினால் கை வந்துவிடும். பறப்பதற்கு ஷட்டர் வேகம் 1/2000 நொடிக்குக் குறையக் கூடாது. ஸ்டெபிலைசர் உங்கள் கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும், சிறகடிப்பைப் பிடிக்காது. அதற்காக ஐஎஸ்ஓ, அதாவது ஒளியுணர்வு அளவு, 1600-க்குப் போனால் பயப்படாதீர்கள். கொக்கு, நாரை மாதிரி வெள்ளைப் பறவை இருண்ட பின்னணியில் இருந்தால், வெள்ளை வெளிறிவிடாமல் இருக்க எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் குறைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஈரோட்டுக்காரர் வேடந்தாங்கல் வரை போவானேன்? சென்னிமலை போகிற வழியில் வெள்ளோடு பறவைகள் சரணாலயம் இருக்கிறதே! இரண்டுமே 2022-ல் ராம்சர் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தவைதான். ஆறு மணிக்குப் போய் எட்டு மணிக்குத் திரும்பிவிடலாம்.

இனி கூட்டு விஷயம். அந்த நண்பர் சொன்னதை நான் ஒருமுறை செய்திருக்கிறேன். சித்திரை வெயில், வற்றிப்போன ஏரி. கூழாங்கல்லோடு கூழாங்கல்லாக ஆட்காட்டிக் குருவியின் நான்கு முட்டைகள் கிடந்தன. பத்து மீட்டர் தள்ளிப் படுத்துக்கொண்டேன். ஆட்காட்டி தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தியது. பழகிவிடும் என்று இருந்தேன். அரை மணி நேரம் ஆகியும் இறங்கவில்லை. முழங்கை பட்ட கல் சுட்டபோதுதான் அந்த முட்டைகளும் இதே வெயிலில் கிடக்கின்றன என்று உறைத்தது.

எழுந்து கரைக்கு வந்து, அங்கிருந்து லென்ஸ் வழியாகப் பார்த்தேன். இறங்கிய பறவை நேராக முட்டைக்குப் போகவில்லை. மிச்சமிருந்த குட்டைக்கு ஓடி வயிற்றை நன்றாக நனைத்துக்கொண்டது. திரும்ப ஓடி வந்து, ஈர வயிற்றோடு முட்டைகளின் மேல் அமர்ந்தது. முட்டைகளைக் குளிர்விக்க அவை அப்படிச் செய்யும் என்று படித்திருந்தேன், கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். ஒரே ஒரு படம் எடுத்தேன். அதுவும் உங்கள் நாரை மாதிரியே கானலில் நெளிந்து கிடக்கிறது. எங்கும் போட்டதில்லை, அழிக்கவும் இல்லை.

தினத்தாள் சோதனையில் எழுத்து மங்கினால் மட்டும் விற்றவரைக் கூப்பிடுங்கள். வெள்ளோடு போய்வந்ததும் ஒரு படம் அனுப்புங்கள். கிராப் செய்யாமல், முழு ஃப்ரேமாக.