மாடல் பெயர் மட்டும் போதாது: பழைய கார் கேள்வி - பதில்

கேள்வி: இருபது வயதைத் தாண்டிய கார். மாடல், வருடம் எல்லாம் சரியாகச் சொல்லித்தான் முன் சக்கர பிரேக் பேட் வாங்குகிறேன். இரண்டு முறையும் பொருந்தவில்லை. கடைக்காரர் மேல் தவறா, என் மேலா?

பதில்: இருவர் மேலும் இல்லை. ஒரே மாடல், ஒரே வருடம் என்றாலும் இடையில் கம்பெனி, பேடை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பரை மாற்றியிருக்கலாம். ஏபிஎஸ் உள்ள வண்டிக்கு ஒரு பேட், இல்லாததற்கு வேறு பேட் என்றும் இருக்கும். பதிவுச் சான்றிதழில் உள்ள வருடமும் வண்டி தயாரான வருடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை.

அதனால் மாடல் பெயரைச் சொல்வதற்கு முன் சேஸிஸ் நம்பரைச் சொல்லுங்கள். 1980களிலிருந்து வந்த பெரும்பாலான கார்களில் இது எழுத்தும் எண்ணும் கலந்த 17 இலக்கம். டாஷ்போர்டில் முன் கண்ணாடி ஓரத்திலோ, டிரைவர் பக்கக் கதவுத் தூணிலோ, பானெட்டுக்குள்ளோ பார்க்கலாம். 1, 0 ஆகியவற்றோடு குழம்பும் என்பதால் ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகள் இதில் வராது. நீங்கள் 'ஓ' என்று எழுதி வைத்திருந்தால் அது பூஜ்யம்தான். கையால் எழுதுவதைவிட பிளேட்டை போட்டோ எடுத்துக்கொள்வது நல்லது. இந்த நம்பரைப் பார்ட்ஸ் கேட்டலாக்கில் போட்டால் உங்கள் வண்டிக்கே உரிய பார்ட் நம்பர் கிடைக்கும். அந்த நம்பர் நின்றுபோயிருந்தால் அதற்குப் பதிலாக வந்த புது நம்பரையும் கேட்டு வாங்குங்கள். 'இந்தப் பார்ட் இப்போது வருவதில்லை' என்று கடையில் சொல்வதில் பல, நம்பர் மாறிப்போன பார்ட்தான்.

கழற்றிய பழைய பாகத்தையும் துடைத்துப் பாருங்கள். மேலே பெரிதாகப் புடைத்து நிற்பது, உலோகத்தை அச்சில் வார்க்கும்போதே பதிந்த வார்ப்பு எண்ணாக இருக்கலாம். அதைப் பார்ட் நம்பர் என்று நம்பி வாங்கினால் மூன்றாவது முறையும் ஏமாற்றம்தான்.

பேரிங், ஆயில் சீல், பெல்ட் மூன்றுக்கும் கார் பெயரே தேவையில்லாமல் போகலாம். ஆல்டர்னேட்டர் பேரிங்கில் 6203 என்று இருந்தால் உள் விட்டம் 17 மில்லிமீட்டர். 6204 என்றால் 20. அங்கிருந்து மேலே கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள் விட்டம் வந்துவிடும். பின்னால் வரும் எழுத்துகளை விட்டுவிடாதீர்கள். '2ஆர்எஸ்' என்றால் இருபுறமும் ரப்பர் மூடி. 'சி3' என்றால் உள்ளே இடைவெளி சற்றுக் கூடுதல், சூட்டில் விரியும் இடத்துக்கானது. ஆயில் சீலில் 35-52-7 என்று இருந்தால் உள் விட்டம், வெளி விட்டம், தடிமன். அளவு ஒன்றாக இருந்தாலும் ரப்பர் ஒன்றல்ல. கிராங்க்கின் பின்பக்க சீல் போன்ற சூடான இடத்தில், சூடு தாங்கும் விட்டான் ரப்பர் இருந்ததென்றால் அதே வகையைத்தான் போட வேண்டும். சாதாரண நைட்ரைல் ரப்பர் போட்டால் சீக்கிரம் கெட்டிப்பட்டு ஒழுகும். '6 பிகே 1200' என்ற பெல்ட்டுக்கு ஆறு வரி, 1200 மில்லிமீட்டர் நீளம். இவற்றைப் பேரிங் கடையிலேயே வாங்கலாம். கார் பார்ட்ஸ் கடையில்தான் கிடைக்கும் என்பதில்லை.

கேள்வி: ஒரிஜினல், டூப்ளிகேட் எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரிஜினலைவிடக் குறைந்த விலையில் கிடைப்பதெல்லாம் டூப்ளிகேட்தானா?

பதில்: இல்லை. கார் கம்பெனி எல்லாப் பாகங்களையும் தானே செய்வதில்லை. பாஷ், டென்சோ, வேலியோ, என்ஜிகே போன்ற உற்பத்தியாளர்களிடம் வாங்கித் தன் பெட்டியில் போட்டு விற்கிறது. அதே உற்பத்தியாளர் தன் சொந்தப் பெட்டியில் விற்பது பெரும்பாலும் விலை குறைவு, தரத்தில் குறையில்லை. பழைய பாகத்தின் மேல் எந்த உற்பத்தியாளரின் முத்திரை இருக்கிறதோ அவர்களிடமே தேடுவதுதான் புத்திசாலித்தனம். மூன்றாவது வகை, வேறு கம்பெனி தன் பெயரிலேயே செய்து விற்பது. இதில் நல்லதும் உண்டு, சுமாரும் உண்டு. நாலாவதாக, அடுத்தவர் பெயரைத் திருடி அச்சடித்தது. டூப்ளிகேட் என்று சொல்ல வேண்டியது இதை மட்டும்தான்.

போலி அதிகம் புழங்குவது வேகமாக விற்கும் சரக்கில்: ஸ்பார்க் பிளக், ஆயில் ஃபில்டர், பிரேக் பேட், பேரிங். பிளக்கில் நடு எலக்ட்ரோடு மேல் கொக்கிக்கு நேர் கீழே இருக்க வேண்டும். மரையில் பிசிறு இருக்கக் கூடாது. பீங்கானில் உள்ள எழுத்து நகத்தால் சுரண்டினால் வரக் கூடாது. பல பிரேக் பேடுகளின் ஓரத்தில் உரசல் தன்மையைக் குறிக்கும் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து சாதாரண நிலைக்கு, இரண்டாவது சூடான நிலைக்கு. 'எஃப்' என்றால் உரசல் கெழு 0.35 முதல் 0.45 வரை, 'ஈ' அதற்குக் கீழே. எஃப்எஃப் இருந்த இடத்தில் ஈஈ போட்டால் பெடலை இன்னும் அழுத்தி மிதிக்க வேண்டியிருக்கும். எதுவுமே அச்சாகாத பேடை வாங்காதீர்கள். பில் தர மறுக்கும் கடையில் பிரேக், ஸ்டீயரிங் சம்பந்தப்பட்ட எதையும் வாங்காதீர்கள்.

கேள்வி: பிரிக்காத பெட்டியில் பதினைந்து வருடப் பழைய ஸ்டாக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: இரும்பு, கண்ணாடி, விளக்கு, கைப்பிடி, கியர் என்றால் யோசிக்காமல் வாங்குங்கள். ரப்பர் என்றால் வேண்டாம். பெட்டிக்குள் இருந்தாலும் ரப்பருக்கு வயதாகும். வால்வையும் பிஸ்டனையும் ஒத்து ஓட வைக்கும் டைமிங் பெல்ட், பிரேக் ஹோஸ், டயர் மூன்றிலும் பழைய ஸ்டாக் ஆபத்து. டயரின் பக்கத்தில் கடைசி நான்கு இலக்கம் தயாரிப்பு தேதி: 3118 என்றால் 2018ஆம் ஆண்டின் 31ஆவது வாரம். 2000க்கு முந்தையதில் மூன்றே இலக்கம் இருக்கும், அதைக் கண்டால் நகர்ந்துவிடுங்கள். பழைய வீல் சிலிண்டர் கிடைத்தால் வாங்கி, உள்ளே துருப் புள்ளி இல்லையென்றால் புது ரப்பர் கிட் போட்டு மாட்டலாம்.

கேள்வி: நம்பகமான ஒர்க்‌ஷாப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது? 'நல்லவர்' என்று பலர் சொன்ன இடத்திலும் வண்டி மாதக் கணக்கில் பிரித்த நிலையிலேயே கிடக்கிறது.

பதில்: நல்லவராக இருப்பது வேறு, உங்கள் வண்டியைத் தெரிந்தவராக இருப்பது வேறு. உங்கள் மாடல், குறைந்தது அதே இன்ஜின் உள்ள வண்டி அங்கே வேறு ஏதாவது நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். சிலிண்டர் கம்ப்ரஷன் கேஜும் டார்க் ரென்ச்சும் கையெட்டும் தூரத்தில் இருக்கின்றனவா? ஹெட் போல்ட்டைக் கைப்பழக்கத்தில் முறுக்குபவரிடம் கேஸ்கெட் வேலையைக் கொடுக்க முடியாது.

பிறகு ஒரு கேள்வி கேளுங்கள்: 'டைமிங் பெல்ட் மாற்றினால் கூடவே என்னென்ன மாற்றுவீர்கள்?' பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், அதைத் தாங்கி ஓடும் ஐட்லர், அந்தப் பெல்ட்டே சுழற்றுவதாக இருந்தால் வாட்டர் பம்ப் என்று பதில் வர வேண்டும். கேம், கிராங்க் ஆயில் சீலைப் பார்ப்பேன் என்றால் இன்னும் நல்லது. ஸ்டார்ட் செய்வதற்கு முன் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிக் குறிகளைச் சரிபார்ப்பேன் என்பவரிடம் வண்டியை விடலாம். பல இன்ஜின்களில் டைமிங் ஒரு பல் தள்ளினாலே இழுவை குறையும். நிறையத் தள்ளினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். 'பெல்ட் மட்டும் போதும், அதெல்லாம் நன்றாகத்தான் இருக்கும்' என்று பார்க்காமலே சொல்பவர் உங்கள் பணத்தை மிச்சப்படுத்தவில்லை. டென்ஷனர் பேரிங் நடுவில் இறுகினால் புது பெல்ட்டும் போய்விடும்.

முதலில் சின்ன வேலை கொடுத்துப் பாருங்கள்: பிரேக் ஆயில் மாற்றுவது, வால்வ் கிளியரன்ஸ் வைப்பது. பில்லில் பார்ட்ஸ் தனி, கூலி தனியாக இருக்க வேண்டும். கழற்றிய பாகங்களைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். அதுவும் வேலை தொடங்கும் முன்பே சொல்லுங்கள். முடிந்த பிறகு கேட்டால் குப்பைக்குப் போயிருக்கும். சொன்ன தொகையைத் தாண்டினால் கேட்காமல் செய்யக் கூடாது என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மாதக் கணக்கில் கிடப்பதற்குக் காரணம் பெரும்பாலும் வேலையை வரிசை மாற்றிச் செய்வதுதான். பிரித்துவிட்டுப் பார்ட்ஸ் தேடுகிறார்கள். பழைய வண்டிக்கு அது ஆகாது. முதலில் சோதனை, பிறகு பட்டியல், பார்ட்ஸ் கைக்கு வந்ததும் பிரிப்பது. நடுவில் ஒரு சீல் வரவில்லை என்றாலும் நகர்த்தி நிறுத்தக்கூட முடியாமல் வண்டி மாட்டிக்கொள்ளும். நீங்களே பார்ட்ஸ் வாங்கித் தந்தால் சில ஒர்க்‌ஷாப்புகள் ஏற்காது. பாகம் பழுதானால் மறுபடி கழற்றும் கூலி யார் பொறுப்பு என்ற சண்டையைத் தவிர்க்கத்தான், அதில் நியாயம் இருக்கிறது. இதை முன்கூட்டியே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சைலன்ஸரில் நீலப் புகை. இன்ஜினை இறக்கி ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது) செய்ய வேண்டும் என்கிறார் மெக்கானிக். நம்பலாமா?

பதில்: என்ன சோதனை செய்தார் என்று கேளுங்கள். புகையைப் பார்த்தே சொன்னார் என்றால், பொறுங்கள். நீலப் புகை ஆயில் எரிவதைத்தான் சொல்லும், எந்த வழியாக உள்ளே போகிறது என்று சொல்லாது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு மூச்சு வந்து நின்றுவிடுகிறதா, இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டுப் பிறகு மிதிக்கும்போது வருகிறதா? அப்படியென்றால் சந்தேகம், வால்வின் தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வ் ஸ்டெம் சீல் மேல். ஏற்றத்தில் இழுக்கும்போது தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங் மேல். இரண்டுக்கும் முன், இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வைப் பாருங்கள். அது அடைத்திருந்தாலும் ஆயில் எரியும், அதன் செலவு ரீபோரில் ஒரு துளி.

அடுத்தது கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று அளப்பது. இன்ஜின் சூடாக, எல்லா பிளக்கும் கழற்றி, இக்னிஷனும் எரிபொருளும் துண்டித்து, த்ராட்டிலை முழுதாகத் திறந்து, நல்ல பேட்டரியில் சுற்ற வேண்டும். இந்த நிபந்தனைகளைத் தவறவிட்டால் அளவு பொய் சொல்லலாம். பெட்ரோல் இன்ஜினில் பொதுவாக 10 முதல் 13 பார் வரை வரும். உங்கள் இன்ஜினுக்கு உரிய அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும். அதைவிட முக்கியம் சிலிண்டர்களுக்குள் வித்தியாசம். குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் ஊற்றி மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ் அல்லது கேஸ்கெட். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால் அவற்றுக்கு நடுவில் கேஸ்கெட் போயிருக்கலாம். எல்லாம் சரியாக இருந்தும் புகை வருகிறதா? ஸ்டெம் சீலாக இருக்கலாம், ஆயில் ரிங் மட்டும் கரி பிடித்து ஒட்டியும் இருக்கலாம். பல இன்ஜின்களில் ஹெட்டை இறக்காமலே பிளக் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து வால்வைத் தாங்கி, ஸ்டெம் சீலை மாற்றிவிடலாம்.

கேள்வி: பார்ட் எங்குமே கிடைக்கவில்லை. காயலான் கடையில் வாங்கலாமா?

பதில்: கதவு, கண்ணாடி, சுவிட்ச், கியர்பாக்ஸ் வாங்கலாம். சீட் பெல்ட், ஏர்பேக், டை ராடு, பால் ஜாயின்ட், பிரேக் பாகங்கள் வேண்டாம். அதற்கு முன், உங்களிடம் இருப்பதையே புதுப்பிக்க முடியுமா பாருங்கள். பிரேக் ஷூவுக்கும் கிளட்ச் பிளேட்டுக்கும் புது லைனிங் ஒட்டலாம், துருப்பிடித்த வீல் சிலிண்டருக்குத் துருப்பிடிக்காத எஃகு ஸ்லீவ் போடலாம், ரேடியேட்டருக்குக் கோர் மாற்றலாம், ஸ்டார்ட்டருக்கு பிரஷ்ஷும் புஷ்ஷும் போடலாம். பிரேக் ரப்பரை மட்டும் அச்சில் வார்த்துத் தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். டாட் 3, டாட் 4 பிரேக் ஆயிலைத் தாங்கும் ரப்பர் தனி வகை. தப்பான ரப்பர் உப்பி, பிரேக் பிடித்தபடியே நிற்கும்.

கேள்வி: சஸ்பென்ஷன் புஷ் நல்ல கம்பெனியில்தான் வாங்கிப் போட்டேன். ஆறே மாதத்தில் கிழிந்துவிட்டது. பார்ட் மோசமா?

பதில்: பொருத்திய விதத்தைச் சந்தேகியுங்கள். சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கண்ட்ரோல் ஆர்மில் உள்ள ரப்பர் புஷ்ஷின் போல்ட்டை வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே முழுதாக முறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டியைக் கீழே இறக்கியதும் அது நிரந்தரமாக முறுகி நிற்கும், ஒவ்வொரு பள்ளத்திலும் இன்னும் முறுகும். போல்ட்டைத் தளர்வாக மாட்டி, சக்கரத்தின் மேல் வண்டி எடை இறங்கிய பிறகுதான் கடைசி முறுக்கு கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு வீல் அலைன்மென்ட்.