'ஹெல்' வந்தால் 'நரகம்' வர வேண்டியதில்லை

வணக்கம் சகோ. 'வாட் த ஹெல் ஆர் யூ டூயிங்?' என்ற வசனத்துக்கு 'என்ன நரகம் செய்கிறாய்?' என்று சப்டைட்டில் போட்டு, திரும்பி வந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். மனம் தளராதீர்கள், சரிசெய்யக்கூடியதுதான்.

அந்த இடத்தில் 'ஹெல்' வெறும் எரிச்சல். அதே எரிச்சலுக்கு நம்மிடம் எழவும் சனியனும் இருக்கின்றன. எனக்கு அதைவிடப் பிடித்தது 'தொலை' என்கிற துணைவினை. 'என்ன பண்ற?' என்பது கேள்வி. 'என்ன பண்ணித் தொலைக்கிற?' என்றால் பல்லைக் கடிப்பது தெரிகிறது. உங்கள் வரிக்கு அதையே போடுங்கள். 'கோ டு ஹெல்' வந்தால் 'நாசமாப் போ'. 'ஹெல் ஆஃப் எ ஃபைட்' பாராட்டு, அதற்குச் 'செம சண்டை' போதும்.

ஆனால் 'மை லைஃப் இஸ் ஹெல்' என்றால் தயங்காமல் 'என் வாழ்க்கையே நரகம்' என்று எழுதலாம். அதை நாமும் அப்படித்தான் சொல்கிறோம்.

அப்புறம், பாதிரியார் பேசும் காட்சி வந்தால் கவனம். பழைய ஆங்கில பைபிளில் 'ஹெல்' என்று இருக்கும் எல்லா இடமும் தமிழ் பைபிளில் நரகம் அல்ல. சங்கீதம் 16:10-இல் அது 'பாதாளம்', மத்தேயு 5:29-இல்தான் 'நரகம்'. வசன எண்ணைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.