தாய் சொல்வதை எழுதுவதா, வீட்டில் நடப்பதை எழுதுவதா?

மனையியல் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் வாசகி ஒருவரின் கேள்வி இது. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்காக ஒடிசாவிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களிலும், அதே தெருக்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களிலும், மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளை வளர்க்கும் முறையை அவர் ஒப்பிடுகிறார். அறுபது கேள்விகள் அடங்கிய வினாப்பட்டியலை 200 தாய்மாரிடம் நிரப்பினால் போதும் என்பது அவருடைய நெறியாளரின் கருத்து. ஆனால் முன்னோட்டமாகச் சென்ற வீடுகளில் “பிள்ளையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன், அடிப்பதே இல்லை” என்று தாய்மார் சொல்ல, இவர் அங்கிருந்த அரை மணி நேரத்துக்குள் குழந்தையை இடுப்பில் வைத்திருந்தவள் ஏழு வயது அக்காளாக இருந்திருக்கிறாள். முதுகில் ஓர் அடியும் விழுந்திருக்கிறது. “அவர்கள் பொய் சொல்கிறார்களா? நேர்காணலைக் கைவிட்டு உற்றுநோக்கலுக்கு மாறிவிடலாமா? எட்டு மாதங்கள்தான் மீதம் உள்ளன. வினாப்பட்டியலை நிரப்பித் தர ஒரு தகவல் சேகரிப்பு நிலையமும் முன்வந்திருக்கிறது” என்று கேட்கிறார்.

முதலில், அந்தத் தாய்மார் பொய் சொல்லவில்லை. “நான்தான் பார்த்துக்கொள்கிறேன்” என்ற சொல்லுக்கு அந்த வீட்டில் பொருள், பிள்ளையின் பொறுப்பு என்னுடையது என்பதுதான். மூத்தவளிடம் குழந்தையைக் கொடுத்ததும், எதிர்வீட்டுப் பாட்டியிடம் சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போனதும் அந்தப் பொறுப்பை நிறைவேற்றிய வழிகளே அன்றி அதற்கு விலக்குகள் அல்ல. நீங்கள் வாயால் கேட்டது பொறுப்பு யாருடையது என்பதை. கண்ணால் கேட்டது இடுப்பு யாருடையது என்பதை. இரண்டு கேள்விகளுக்கு இரண்டு விடைகள் கிடைத்திருக்கின்றன. அதுபோலவே, கோல் எடுத்து அடிப்பதை மட்டும் அடி என்று கணக்கில் வைக்கும் வீட்டில், முதுகில் ஒரு தட்டு அடியாகாது. அதோடு, கையில் தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கும் படித்த பெண்ணிடம், அவள் விரும்புவாள் என்று தோன்றுகிற விடையைச் சொல்வது நம் நாட்டில் ஒருவகை விருந்தோம்பல்.

இது ஏழைத் தாய்மாருக்கு மட்டும் உரிய இயல்பும் அன்று. பெற்றோர் நினைவிலிருந்து சொன்ன பிள்ளை வளர்ப்பு விவரங்களை, குழந்தை பிறந்தது முதல் எழுதி வைத்திருந்த பதிவுகளோடு ஒப்பிட்டு அமெரிக்காவில் லிலியன் ராபின்ஸ் 1963இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். பிள்ளைகளுக்கு அப்போது மூன்று வயதுதான். அந்தக் குறுகிய காலத்துக்குள்ளேயே பால்குடி மறக்கச் செய்த காலம், கழிப்பறைப் பழக்கம் தொடங்கிய காலம் போன்றவற்றில் பெற்றோர் தவறினார்கள். அந்தத் தவறுகள் பெரும்பாலும் அன்றைய நிபுணர்கள் பரிந்துரைத்த பக்கமாகவே சாய்ந்திருந்தன. நடந்ததைக் கேட்டால், நடந்திருக்க வேண்டியதை மனம் எடுத்துக் கொடுக்கிறது. ஆகவே நேர்காணல் தாயின் இலட்சியத்தை அறியச் சிறந்த கருவி; அவளுடைய அன்றாடத்தை அறிய மோசமான கருவி.

பண்பாடுகளை ஒப்பிடும்போது இந்தக் குறை இரட்டிப்பாகிறது. “பிள்ளையிடம் நீங்கள் கண்டிப்பாக இருக்கிறீர்களா: எப்போதும், அடிக்கடி, சில வேளை, ஒருபோதும் இல்லை” என்று கேட்டால், ஒவ்வொரு தாயும் தன் அக்கம்பக்கத்துத் தாய்மாரோடு தன்னை ஒப்பிட்டு விடை சொல்கிறாள். தமிழ்த் தாயின் “அடிக்கடி”யும் ஒடியாத் தாயின் “அடிக்கடி”யும் வெவ்வேறு அளவுகோல்களில் அளந்தவை. அவற்றை ஒரே அட்டவணையில் இட்டுச் சராசரி காண்பது, படியையும் முழத்தையும் கூட்டுவது போன்றது. இதை எந்தக் கணினி மென்பொருளும் உங்களுக்குச் சொல்லாது. நெறியாளர்களும் சொல்வதில்லை, அட்டவணை இருந்தால் ஆய்வு இருக்கிறது என்ற நம்பிக்கை நம் துறைகளில் வேரூன்றிவிட்டது.

நீங்கள் பின்பற்றத் தக்க முன்மாதிரி ஒன்று உண்டு. அமெரிக்க மானிடவியலாளர்களான ஜான் வைட்டிங், பியாட்ரிஸ் வைட்டிங் தம்பதியரும் அவர்களுடைய சகாக்களும் 1950களின் நடுவில் கென்யாவின் நியான்சொங்கோ, உத்தரப் பிரதேசத்தின் காலாபூர், ஒகினாவா, பிலிப்பைன்ஸ், மெக்சிகோ, அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து ஆகிய இடங்களில் ஆறு சமூகங்களை ஆராய்ந்தார்கள். இடத்துக்குச் சுமார் 24 குடும்பங்கள். தாய்மாரிடம் ஒரே மாதிரியான நேர்காணல் எடுக்கப்பட்டது. 3 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளை, நாளின் வெவ்வேறு நேரங்களில், ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் பார்த்து, நடந்ததை நடந்தபடி எழுதினார்கள். நேர்காணல்களை வைத்து அந்தச் சகாக்களில் மிண்டர்னும் லாம்பர்ட்டும் 1964இல் ஒரு நூல் எழுதினார்கள். உற்றுநோக்கல் குறிப்புகளை வைத்து வைட்டிங் தம்பதியர் 1975இல் வேறொரு நூல் எழுதினார்கள். ஒன்றை மற்றொன்றின் வேலைக்கு அனுப்பாமல் இரண்டையும் தனித்தனியே வைத்த அந்த ஒழுங்கைத்தான் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டும். பிள்ளையின் நடத்தையை உருவாக்குவதில், அது யாரோடு, எங்கே, என்ன வேலையில் பொழுதைக் கழிக்கிறது என்பதற்குப் பெரும் பங்கு உண்டு என்ற அவர்களுடைய முடிவு, தாய்மாரை மட்டும் கேட்டிருந்தால் கிடைத்திருக்காது. நியான்சொங்கோவில் தம்பி தங்கையைச் சுமந்த பிள்ளைகள் மற்றவர்களைக் கவனித்து உதவும் குணத்தில் முந்தி நின்றார்கள். நீங்கள் பார்த்த அந்த ஏழு வயது அக்காள் உங்கள் ஆய்வின் நடுவே நிற்க வேண்டியவள். வினாப்பட்டியலில் அவளுக்கு ஒரு கட்டம்கூட இருக்காது.

எனினும் உற்றுநோக்கல் தன்னளவில் போதுமானது என்று எண்ணிவிடாதீர்கள். கென்யாவின் குசீ மக்களிடையே ராபர்ட் லெவைனும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வில், குழந்தை முகம் பார்த்துச் சிரித்துக் குதூகலிக்கும் நேரத்தில் தாய்மார் பார்வையை விலக்கிக்கொண்டது பதிவாகியது. குழந்தையோடு அவர்கள் பேசியதும் மிகக் குறைவு. அதை மட்டும் எழுதிவந்தால் அன்பற்ற தாய்மார் என்று முடித்துவிடலாம். கேட்டுப் பார்த்தபோதுதான், பேச்சறியாத குழந்தையோடு பேசுவதில் அவர்கள் பொருள் காணவில்லை என்பதும், குழந்தையைக் கிளர்ச்சியடையாமல் அமைதியாக வைத்திருப்பதே நல்ல வளர்ப்பு என்று கருதினார்கள் என்பதும் விளங்கின. குழந்தை அழுதால் அதே தாய்மார் விரைந்து எடுத்து அணைத்தார்கள். இதற்கு நாம் கென்யா வரை போக வேண்டியதில்லை. “பெற்றவள் கண்ணே பட்டுவிடும்” என்று தன் பிள்ளையைப் புகழாமல் இருக்கும் தமிழ்த் தாய், பாராட்டுச் சொற்களை எண்ணி அன்பை அளக்கும் வெளிநாட்டுப் படிவத்தில் மிகக் குறைந்த மதிப்பெண்ணே பெறுவாள்.

உற்றுநோக்கவே முடியாத ஒரு பகுதியும் உண்டு. அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் உற்றுநோக்கலில் ஆர்வம் கொண்ட மாணவர்கள் இதில்தான் சறுக்குகிறார்கள். அது இரவு. பிள்ளை எங்கே, யார் பக்கத்தில் படுக்கிறது, விழித்தால் யார் எழுகிறார்கள் என்பதை நீங்கள் போய்ப் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. ஆனால் பிள்ளை வளர்ப்பில் பண்பாட்டு வேறுபாடு மிகத் துலக்கமாக வெளிப்படும் இடங்களில் அதுவும் ஒன்று. கில்டா மொரெல்லி, பார்பரா ரோகாஃப் முதலியோர் 1992இல் வெளியிட்ட ஆய்வில், குவாத்தமாலாவின் 14 மாயாத் தாய்மாரிடமும் 18 அமெரிக்கத் தாய்மாரிடமும் இதை நேர்காணலிலேயே கேட்டார்கள். மாயாக் குழந்தைகள் அனைவரும் தாயின் படுக்கையில் உறங்கினார்கள். அமெரிக்கக் குழந்தைகள் தனியறைக்கு அனுப்பப்படுகிறார்கள் என்று கேட்ட மாயாத் தாய்மார் அதிர்ந்து, அக்குழந்தைகளுக்காக இரங்கினார்கள். உங்களுக்கு இன்னும் நெருங்கிய முன்னோடி, ரிச்சர்ட் ஷ்வீடரும் அவருடைய சகாக்களும் 1995இல் வெளியிட்ட புவனேசுவர ஆய்வு. வழக்கமாக எப்படி என்பதை விட்டு, ஒரு குறிப்பிட்ட இரவில் யார் யாரோடு படுத்தார்கள் என்ற விவரத்தை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இதையே நீங்களும் செய்யுங்கள். “வழக்கமாக” என்று தொடங்கும் கேள்விக்கு இலட்சியம் விடையாக வரும். “நேற்று இரவு” என்று தொடங்கும் கேள்விக்கு நேற்று இரவே வரும். அடுத்த வாரம் இன்னொரு நாள் “நேற்று இரவு” என்று மீண்டும் கேளுங்கள். கணவர் இரவு ஷிப்டுக்குப் போன நாளில் பாய்களின் வரிசை மாறியிருப்பதை அப்போது காண்பீர்கள். படுக்கும் வரிசையைத் தரையில் விரலால் வரைந்து காட்டச் சொன்னால், பேச்சில் விட்டுப்போன ஆட்களும் வந்து சேர்வார்கள். பால்குடி மறந்த கதை, காய்ச்சலுக்கு மந்திரித்தது, ஊரில் விட்டுவந்த மூத்த பிள்ளை ஆகியவற்றுக்கும் நேர்காணலே வழி.

இனி நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது. அந்தத் தகவல் சேகரிப்பு நிலையத்தின் பக்கமே போகாதீர்கள். ஆய்வேடு ஒன்றை மதிப்பிட அமர்ந்திருந்தபோது, நிரப்பிய வினாப்பட்டியல்களைக் கொண்டுவரச் செய்து பார்த்திருக்கிறேன். வெவ்வேறு கிராமங்களின் தாய்மார் சொன்னதாக இருந்த விடைகளில் பக்கம் பக்கமாக ஒரே கையின் குறிகள் ஒரே வரிசையில் விழுந்திருந்தன. அந்த மாணவர் ஏமாற்றுக்காரர் அல்லர், ஏமாந்தவர். காலக்கெடுவும் எண்ணிக்கையும் சேர்ந்து நெருக்கும்போது இப்படிப்பட்ட கடைகள் முளைப்பதும், முளைத்ததைத் துறைகள் அறிந்தும் அறியாதவை போல இருப்பதும் எனக்குப் பல ஆண்டுகளாகத் தீராத வேதனை. 200 என்ற எண்ணை நெறியாளர் எங்கிருந்து எடுத்தார் என்று பணிவோடு கேளுங்கள். முந்தைய ஆய்வேட்டிலிருந்து என்பதே பெரும்பாலும் விடையாக இருக்கும்.

இரண்டாவது பொறி மொழிபெயர்ப்பாளர். உங்களுக்கு ஒடியா தெரியாது என்பதால், அந்தக் குடும்பங்களை அழைத்து வந்த தொழிலாளர் ஏஜென்டோ கம்பெனி சூப்பர்வைசரோ தாமாகவே உதவ முன்வருவார். அவருக்கு அந்தத் தெருவில் எல்லோரையும் தெரியும், பணமும் கேட்க மாட்டார். அவரை ஏற்காதீர்கள். வேலையும் குடியிருப்பும் அவர் கையில் இருக்க, “பிள்ளையைத் தனியே விட்டுவிட்டு ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறேன்” என்று அவர் முன்னால் எந்தத் தாய் சொல்வாள்? அவர் வாயிலிருந்து வரும் தமிழும் தாயின் சொல்லாக இருக்காது; நான்கு நிமிடம் அவள் பேசியதை “இல்லை என்கிறாள்” என்று இரண்டு சொற்களில் முடித்துவிடுவார். வேறு தெருவில் குடியிருக்கும், ஒடியாவும் தமிழும் பேசும் ஒரு பெண்ணைத் தேடி, முறையான ஊதியம் கொடுத்து அமர்த்துங்கள். நேர்காணலை ஒலிப்பதிவு செய்ய இசைவு கிடைத்தால், சிலவற்றையாவது வேறொருவரைக் கொண்டு மீண்டும் மொழிபெயர்த்து ஒப்பிடுங்கள். இசைவுப் படிவத்தில் கையெழுத்து வாங்கும்போதும் கவனம் தேவை. வீட்டு வாடகை, முன்பணம் என்று தாள்களில் கையெழுத்திட்டுச் சிக்கிக்கொண்டவர்களுக்கு இன்னொரு தாள் அச்சத்தையே தரும். வாய்மொழி இசைவை ஒலிப்பதிவு செய்ய அறநெறிக் குழுவிடம் அனுமதி கேளுங்கள். மறுத்தால் எழுத்தில் மீண்டும் கேளுங்கள். நகரத்து அலுவலகத்தில் எழுதிய ஒரு படிவத்துக்காகத் தொழிலாளியின் அச்சத்தை மிதித்துச் செல்லும் இந்த முறை மாறத்தான் வேண்டும்.

உங்கள் எட்டு மாதங்களுக்கு ஏற்ற அளவு, என் கணக்கில், 24 குடும்பங்கள்: ஒடியாக் குடும்பங்கள் 12, தமிழ்க் குடும்பங்கள் 12. முதல் இரண்டு மூன்று சந்திப்புகளில் குறிப்பேட்டை வெளியே எடுக்காதீர்கள். அந்நியர் வந்திருக்கிறார் என்ற விறைப்பு குறையட்டும். பிறகு பிள்ளைக்கு 12 முறை, முறைக்கு ஐந்து நிமிடம் உற்றுநோக்குங்கள். மொத்தம் 288 குறிப்புகள், 24 மணி நேரம். தாளில் சிறிதாகத் தெரியும் இந்த வேலை, நடந்து முடிக்க நான்கு மாதங்களை எடுத்துக்கொள்ளும். “தாய் கோபப்பட்டாள்” என்று எழுதாமல், “தாய் கையை ஓங்கினாள், பிள்ளை பின்னால் நகர்ந்தது” என்று எழுதுங்கள். யார் யார் உடனிருந்தார்கள் என்பதை ஒவ்வொரு குறிப்பின் தலைப்பிலும் பதியுங்கள். உங்கள் வருகையால் நடத்தை மாறுகிறதா என்று அறிய, கென்யாவின் லோகோலி மக்களிடையே ரூத் மன்றோவும் ராபர்ட் மன்றோவும் செய்தது போல, வீட்டை நெருங்கும்போதே, உங்களை அவர்கள் கவனிப்பதற்கு முன், பிள்ளை யார் கையில் இருந்தது என்பதைப் பதிவு செய்யுங்கள். பிள்ளையின் உடலுக்கு ஆபத்தான அடியைக் கண்டால் குறிப்பேட்டைக் கீழே வைத்துத் தடுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098 என்பதும் இருக்கிறது.

நேர்காணலைக் கடைசியில் எடுங்கள், அறுபது கேள்விகளில் நாற்பதைக் கழித்துவிட்டு. நீங்கள் நேரில் பார்த்த நிகழ்ச்சி ஒன்றை, குற்றம் சாட்டும் தொனி இல்லாமல், “அன்று அவன் அழுதபோது அக்காளிடம் கொடுத்தீர்களே” என்று தொடங்கிப் பேச விடுங்கள். தாய் பேசும் விதத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். மேரி எயின்ஸ்வர்த் 1950களில் உகாண்டாவில் 26 குடும்பங்களை இரு வாரத்துக்கு ஒரு முறை சந்தித்து, கேட்டும் பார்த்தும் ஆராய்ந்தபோது, தன் குழந்தையைப் பற்றி நுணுக்கமாகவும் தானாகவும் விவரம் சொன்ன தாய்மாரின் குழந்தைகளே பெரும்பாலும் தாயிடம் பாதுகாப்பான பற்றுடன் இருந்ததைக் கண்டார்.

நேரப் பங்கீட்டில் ஒரு எச்சரிக்கை. வேலை நாளில் வீடு பூட்டியிருக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் போகாதீர்கள். திருப்பூரில் ஞாயிறு என்பது சம்பளம் வந்த மறுநாள், கறி எடுத்த நாள், தந்தை வீட்டில் இருக்கும் நாள். ஆறு நாள் வளர்ப்பு அதில் தெரியாது. 12 முறைகளில் இரண்டுக்கு மேல் ஞாயிறாக இருக்க வேண்டாம். மாலை ஐந்தரைக்கும் எட்டரைக்கும் இடையே, தாய் இன்னும் ஷிப்டில் இருக்கும் வேளையில், முன்பே அவளிடம் இசைவு பெற்று, மொழிபெயர்ப்பாளரோடு அந்த லைன் வீட்டு வாசலில் மூன்று முறையாவது உட்காருங்கள்.