‘என்ன கற்றாய்’ என்று கேட்காதீர்கள்

வணக்கம் ஐயா,

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். அம்மா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) வந்துவிட்டோம். சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகள் சிலரை உட்கார வைத்து, பள்ளிப் பாடம் அல்லாத ஏதாவது ஒன்றை அவர்களே எடுத்துக் கற்கச் சொல்கிறேன். ஒரு பெண் கொரிய மொழி எடுத்தாள், இரண்டு மாதத்தில் விட்டுவிட்டாள். இடைநிலைப்பள்ளியில் முதல் படிவத்துக்கு முன் வைக்கும் புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்துவிட்டு வந்த ஒரு பையன் எதற்கெடுத்தாலும் ‘நான் லேட்டுக்கா’ என்பான். அவன் யூடியூப் பார்த்து, அப்பாவின் பழைய இஎக்ஸ்5 மோட்டார் சைக்கிளின் கார்பரேட்டரைக் கழற்றி மாட்டுகிறான்.

மாதக் கடைசியில் ‘நான் எப்படி வளர்ந்திருக்கிறேன்’ என்று ஒரு பக்கம் எழுதச் சொல்வேன். எல்லாரும் ‘தன்னம்பிக்கை வளர்ந்தது, நேரத்தின் அருமை தெரிந்தது’ என்றே எழுதுகிறார்கள். திருத்திக் கொடுத்தும் மாறவில்லை. பொங்கல் விழாவில் அவர்களை மேடையேற்றித் தங்கள் வளர்ச்சியைப் பற்றிப் பேச வைக்கலாமா? பையன் எடுத்த இரண்டு படங்களை, அவனிடம் கேட்டுவிட்டு, இணைத்திருக்கிறேன். என் பெயர் போட வேண்டாம்.

- ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

அன்புள்ள தங்கைக்கு,

இரண்டு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் படத்தில் தரையில் நாளிதழ் விரித்திருக்கிறது. கார்பரேட்டர் நடுவில், திருகாணிகள் ஒரு குவியலாக. ஒன்று உருண்டு சிமெண்டுத் தரைக்கே போய்விட்டது. இரண்டாவது படத்தில் நாளிதழைக் காணோம், முட்டைத் தட்டு வந்திருக்கிறது. ஒவ்வொரு குழியிலும் ஒரு பாகம், கழற்றிய வரிசையில். பெட்ரோல் போகும் சின்னத் துளையுள்ள ஸ்லோ ஜெட்டை மட்டும் தனியாக வைத்து, பக்கத்தில் ஒரு டேப் துண்டில் ‘சும்பாட்’ (மலாயில் அடைப்பு) என்று எழுதியிருக்கிறான். அது அடைத்துக்கொண்டால் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் இஞ்சின் நின்றுவிடும். முதல் தடவை அது எங்கே இருக்கிறது என்பதே அவனுக்குத் தெரிந்திருக்காது. இப்போது கோளாறு எங்கே என்று கண்டுபிடித்து, மறக்காமல் இருக்க எழுதியும் வைத்துவிட்டான்.

அவன் எழுதித் தந்த ஒரு பக்கத்தில் இந்த முட்டைத் தட்டு இருந்ததா? இருந்திருக்காது. ‘தன்னம்பிக்கை வளர்ந்தது’ என்று இருந்திருக்கும்.

பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. முதலாம் ஆண்டிலிருந்து நாம் அவர்களுக்குப் பழக்கியது அதுதானே. கட்டுரை என்றால் முடிவில் ஒரு நற்குணம் வர வேண்டும், டீச்சர் சிவப்பு மையில் ‘நன்று’ போட வேண்டும். வளர்ச்சியைப் பற்றி எழுது என்றால் உங்களுக்குப் பிடித்ததைத்தான் எழுதித் தருவார்கள். அதனால் முதல் காரியமாக அந்தத் தாள்களைத் திருத்துவதை நிறுத்திவிடுங்கள். எழுத்துப்பிழைகூட வேண்டாம். அது அவர்களுடைய தாள். காட்ட விருப்பமிருந்தால் காட்டட்டும்.

உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். பால்மரத்தில் உளி ஆழமாக இறங்கி மரத்தைத் தொட்டுவிட்டால், அந்த இடத்தில் புதுப்பட்டை சமமாக வளராது, முண்டும் முடிச்சுமாகத்தான் வரும். வெட்டியவர் கை எப்படிப்பட்டது என்பதைப் பல வருஷம் கழித்தும் பட்டையைப் பார்த்தே சொல்லிவிடலாம். பிள்ளைகள் கற்பதற்கும் அப்படித் தடயம் இருக்க வேண்டும். போனில் ஒரு படம், பாதியில் நின்ற ஓவியம், சரியாக வராத தையல், தேதி போட்ட ஒரு குரல்பதிவு, எதுவானாலும் சரி. சரியாக வராததைத் தூக்கிப் போட விடாதீர்கள். பழையது இருந்தால்தான் புதியதை அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும்.

அப்படி வைத்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி சின்னது. ‘முட்டைத் தட்டு எப்படி வந்தது?’ அவ்வளவுதான். ‘என்ன கற்றாய்’ என்று கேட்டால் ‘ஒன்னும் இல்லக்கா’ என்பான். முட்டைத் தட்டைப் பற்றிக் கேட்டால் தொலைந்த திருகாணியிலிருந்து ஆரம்பித்துக் கதையே சொல்வான். சொல்லச் சொல்ல, தான் முன்பு எப்படி இருந்தோம், இப்போது எப்படிச் செய்கிறோம் என்பது அவன் காதிலேயே விழும். நடுவில் நீங்கள் பாராட்டக்கூடப் புகாதீர்கள். எழுத வராத பிள்ளை வாட்ஸ்அப்பில் குரலாகச் சொல்லட்டும். பாதி தமிழ், பாதி மலாய் என்றாலும் குறையில்லை.

இன்னொன்று, நீங்கள் மாதக் கடைசியில் மட்டும் கேட்கிறீர்கள். கல்வி உளவியலாளர் பாரி சிம்மர்மன் சுயமாகக் கற்பதை மூன்று கட்டமாகப் பிரித்தார்: தொடங்குமுன் யோசிப்பது, செய்வது, செய்தபின் திரும்பிப் பார்ப்பது. மூன்றாவதில் தெரிந்தது மறுபடி முதலாவதுக்குப் போக வேண்டும், சுற்று அப்படித்தான் ஓடும். முதல் கட்டத்தை விட்டுவிட்டு மூன்றாவதை மட்டும் கேட்டால் பிள்ளை எதைத் திரும்பிப் பார்க்கும்? எனவே உட்காரும்போதே ஒரு வரி எழுதட்டும்: இன்றைக்கு எதைச் செய்யப் போகிறேன், எந்த இடத்தில் மாட்டிக்கொள்வேன் என்று நினைக்கிறேன். எழுந்து போகும்போது அந்த வரியை ஒரு தடவை பார்த்தால் போதும். நினைத்த இடத்தில் மாட்டாமல் வேறெங்கோ மாட்டியிருந்தால், பேச வேண்டியது அதுதான்.

சுயமாகக் கற்பது என்றதும் சில பெற்றோர், பிள்ளையைப் போனோடு தனியாக விட்டுவிடுவது என்று நினைத்துக்கொள்கிறார்கள். முதியோர் கல்வி அறிஞர் மால்கம் நோல்ஸ் 1975-இல் இதை விளக்கும்போதே, பிறர் உதவியோடோ உதவி இல்லாமலோ, தானே முன்கை எடுப்பது என்றுதான் சொன்னார். உங்கள் பட்டணத்து மோட்டார் பட்டறையில் இருக்கும் அங்கிளிடம் இந்தப் பையனை ஒரு நாள் அனுப்புங்கள். என்ன கேட்க வேண்டும் என்பதை மட்டும் அவனே எழுதி எடுத்துப் போகட்டும்.

கொரிய மொழியை விட்ட பெண்ணை நீங்கள் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்கு அவள்மேல்தான் அக்கறை. கொரிய எழுத்தில் அடிப்படை 24. அதைத் தாண்டினாளா, அதற்கு முன்பே நின்றாளா? நாடகத்தில் கேட்டது பிடித்து, இலக்கணம் வந்ததும் சலித்ததா? வீட்டில் யாராவது ‘இது எதுக்கு’ என்றார்களா? ஒவ்வொன்றுக்கும் அடுத்த அடி வேறு. விட்டதெல்லாம் வளர்ச்சி என்று சொல்லி அவளைத் தேற்ற வேண்டாம், அது பொய் என்று அவளுக்கே தெரியும். நின்ற இடம் எது என்று சேர்ந்து பாருங்கள், போதும்.

‘நான் லேட்’ என்ற பேச்சு என்னைத் தூங்க விடவில்லை. புகுமுக வகுப்பு, தமிழ்ப்பள்ளியிலிருந்து போகும் பிள்ளைக்கு மலாய் போதவில்லை என்று வைத்த ஓராண்டு. அந்த வயதில் அது வாழ்நாள் தீர்ப்பாகக் கேட்கிறது. 2021-இல் ஆறாம் ஆண்டுத் தேர்வான யுபிஎஸ்ஆரை நீக்கினார்கள், 2022-இல் மூன்றாம் படிவத் தேர்வான பிடி3-ஐ நீக்கினார்கள். வகுப்பறை மதிப்பீட்டில் டிபி எனும் தேர்ச்சி நிலை 1 முதல் 6 வரை வந்தது. ஆனாலும் நம் வீடுகளில் இன்னும் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்பிஎம்மில் எத்தனை ஏ என்ற ஒரே அளவுதான். எஸ்பிஎம் முக்கியம், அவன் நன்றாக எழுத வேண்டும். ஆனால் தான் முன்னேறியதைத் தானே கண்ணால் பார்த்த பிள்ளைக்கு, யாரோ சொன்ன ‘லேட்’டைச் சந்தேகிக்க ஓர் ஆதாரம் கையில் இருக்கும். உங்கள் சனிக்கிழமை வகுப்பு அதற்காகவே நடக்கலாம்.

பொங்கல் மேடை வேண்டாம். மைக் முன்னால் நின்றால் மறுபடி ‘தன்னம்பிக்கை’தான் வரும். மண்டபத்தின் ஒரு பக்கம் இரண்டு மேசை போட்டு, விருப்பமுள்ள பிள்ளைகள் மட்டும் தாங்கள் செய்ததைப் பழையதோடு சேர்த்து வைக்கட்டும். வந்து கேட்கிறவர்களுக்கு, முக்கியமாக முதல் படிவப் பிள்ளைகளுக்கு, செய்து காட்டட்டும். வைக்க விரும்பாத பிள்ளையை ஏன் என்று கேட்காதீர்கள்.

அன்புடன்.